மற்றவை

செவ்வாய்க்கிழமை காலையில் என் அக்கா போன் செய்தால் "ஹலோ" எல்லாம் கிடையாது. எடுத்ததும் "வந்துட்டாங்கடி!" என்பாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் குரலில் உயிர் இருக்கும். ஆபீஸில் எவ்வளவு தலைபோகிற வேலை இருந்தாலும் நான் எடுத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "யாரு?" என்று கேட்பேன்.

"அவங்கதான்டி. வழக்கம்போல முதல் பொத்தான்ல ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம வரிசையா பார்த்துட்டுப் போறாங்க. அந்தப் புதுப் பூனைகிட்ட கொஞ்ச நேரம் நின்னாங்க."

"நீ வரைஞ்ச பூனையா? அது பூனைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

"போடி கழுதை!"

சிரிப்பாள். நானும் சிரிப்பேன். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். ஏனென்றால் வந்தது யாரென்று எனக்குத் தெரியும். யாரும் வரவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் வேலை பார்ப்பது எண்ணுகிற கம்பெனியில். இணையத்தில் கடை போட நினைக்கிறவர்கள் யாரும் இப்போது அதைச் சொந்தமாகக் கட்டுவதில்லை. கட்டித் தருவதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. கடைக்கு ஒரு பேரைக் கொடுத்து, சாமான்களின் படத்தை ஏற்றினால் அன்றைக்கே வியாபாரம் ஆரம்பிக்கலாம். அப்படிப்பட்ட தளங்கள் உலகத்தில் ஏகப்பட்டது. எதில் எத்தனை கடை இருக்கிறது, யார் முதலிடம், யார் ஏறுகிறார்கள், யார் சறுக்குகிறார்கள் என்று எண்ணி, வண்ண வண்ணத் துண்டுகளாக ஒரு வட்டம் வரைந்து, அறிக்கை போடுவதுதான் எங்கள் பிழைப்பு. பெரிய துண்டு கிடைத்தவன் அதை விளம்பரத்தில் போட்டுக் குதிப்பான். சின்னத் துண்டு கிடைத்தவன் எங்களுக்குப் போன் போட்டுத் திட்டுவான். அந்தத் திட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையது. எனக்கு வாய் நீளம் என்று தெரிந்தேதான் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அத்தனை கடையையும் மனிதர்கள் போய் எண்ண முடியுமா? அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. ஆபீஸில் நாங்கள் அதை எறும்பு என்போம். எறும்பு கடை கடையாக நுழையும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊர்ந்து, இந்தக் கடை எந்தத் தளத்தில் கட்டியது, போன தடவைக்கும் இப்போதைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மாறியிருந்தால் கடை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நெடுநாளாக மாறாவிட்டால் செத்த கடை. செத்ததை நாங்கள் எண்ணுவதில்லை. சின்னத் தளங்களுக்கு எறும்பு போகிற நாள் செவ்வாய்.

அக்காவுக்கு ஒரே பெண். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு வாலு என்று பேர். அவள் செய்த சேட்டைக்கு வேறு பேர் பொருந்தாது. அப்படிப்பட்டவளுக்கு ரத்தத்தில் ஒரு நோய் வந்து, படிப்பு நின்று, ஜன்னலோரக் கட்டிலே கதி என்று ஆகிவிட்டது. படுத்துக்கொண்டே சும்மா இருந்தாளா? பழைய கோட்டுகளிலிருந்து பெரிய பெரிய பொத்தான்களைப் பிய்த்து, மெல்லிய தூரிகையால் அதில் படம் வரைய ஆரம்பித்தாள். கொட்டாவி விடுகிற பூனை, காற்றில் மடங்கிய குடை, விழுந்த பல்லைக் கையில் வைத்திருக்கும் ஒரு குழந்தை. ஒரு பொத்தானுக்குள் எப்படித்தான் அவ்வளவும் அடங்கியதோ தெரியாது.

ஒருநாள் போன் செய்தாள். "சித்தி, கடை போடப் போறேன். எதுல போடட்டும்? உனக்குத்தான் எல்லா வண்டவாளமும் தெரியுமே."

"முதலிடத்துல இருக்கறதுல போடு. கண்ணை மூடிக்கிட்டுப் போடு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கேட்க ஆள் இருக்கும்."

சரி சரி என்று கேட்டுக்கொண்டு, எங்கள் பட்டியலில் கடைசியாகக் கிடந்த தளத்தில் போய்க் கடையைத் திறந்தாள். நாங்கள் பொடிசு என்று கேலி செய்கிற தளம் அது. வட்டத்தில் அதன் துண்டைப் பார்க்க பூதக்கண்ணாடி வேண்டும். எனக்குக் கோபமான கோபம்.

"ஏண்டி, உலகத்துல இத்தனை இருக்க, இந்தச் சுண்டைக்காய்தான் உன் கண்ணுல பட்டுதா?"

"மத்ததுல எல்லாம் கோடு கோடா கிராஃப் காட்டுது சித்தி. பார்த்தா ஆஸ்பத்திரில இருக்கற மாதிரியே இருக்கு. இதுல கதவு இருக்கு."

நிஜம்தான். பொடிசில் மட்டும் ஒரு விளையாட்டு இருந்தது. கடைக்காரர் பார்க்கிற திரையில் சின்னதாக ஒரு மரக்கதவு வரைந்திருக்கும். யாராவது கடைக்குள் வந்தால் அது திறக்கும். எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார், இப்போது எந்தச் சாமானைப் பார்க்கிறார் என்று கீழே ஒரு வரி ஓடும். போனதும் கதவு சாத்திக்கொள்ளும். வாலு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

கொஞ்ச நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை கத்தினாள். "சித்தி! எனக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு!"

"கல்யாணத்துக்கா?"

"கடைக்கு சித்தி! வாரா வாரம் வராங்க. இன்னும் வாங்கல. ஆனா வாங்குவாங்க பாரேன். வாங்காதவங்க இப்படி ஒண்ணு விடாம பார்க்க மாட்டாங்க."

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. யாரோ பொழுதுபோகாத ஆள் என்று நினைத்தேன். வாலு அந்த ஆள் வாங்குகிற நாளுக்காகக் காத்திருந்தாள். ஒரு பொத்தான்கூட விற்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் வாயைத் திறப்பாள், விழுங்க மாட்டாள். அத்தான் பஸ் ஓட்டுகிறவர். அவர் வண்டிக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து காவல் இருந்தாள். எத்தனை டாக்டர், எத்தனை மாத்திரை! ஒருநாள் காலையில் அத்தான் வாலுவின் லேப்டாப்பை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று திறந்திருக்கிறார். திரையில் அந்த மரக்கதவு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்தாளாம்.

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த செவ்வாய் தானாகவே எழுந்து குளித்தாளாம். அதற்கடுத்த வாரம், வருகிறவர் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தால் அலுத்துப்போய்விடும் என்று, வாழ்க்கையில் ஒரு கோடு ஒழுங்காகப் போடத் தெரியாதவள் தூரிகையை எடுத்துவிட்டாள். யானை பூசணிக்காய் மாதிரி இருந்தது. பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், அத்தானிடம் சண்டை போட்டாள். அத்தான் எனக்குப் போன் போட்டு, "இன்னிக்குத் திட்டினாம்மா!" என்று சந்தோஷத்தில் அழுதார்.

ஒரு செவ்வாய் மதியம் போனில் பேசும்போது அக்கா திரையைப் பார்த்து அந்த ஊரின் பேரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இங்கேர்ந்துதான்டி எப்பவும் வராங்க. எங்கேயோ வடக்கே இருக்கு போல. குளிரா இருக்கும்ல?" நான் சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்தேன். அது எங்கள் கம்பெனியின் இயந்திரங்கள் இருக்கிற ஊர். எங்கள் எறும்பு அங்கேதான் குடியிருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு அவள் பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. தனக்காக அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "ஆமாக்கா, ரொம்பக் குளிரும்" என்றேன்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு வந்தது வினை. எங்கள் மேலாளருக்குச் சதவீதம் என்று பட்டப்பேர். மகனின் காய்ச்சலைக்கூடப் போன தடவையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் அந்த வாரக் கூட்டத்தில் புது வட்டத்தைத் திரையில் போட்டார். அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் நூல் நூலாக இருந்த துண்டுகளைக் காணோம். எல்லாவற்றையும் சேர்த்துச் சாம்பல் நிறத்தில் ஒரே துண்டு. அதன் மேல் 'மற்றவை' என்று எழுதியிருந்தது.

"பொடிசு எங்க சார்?" என்றேன்.

"அதுக்குள்ளதான் இருக்கும்மா. அந்த மாதிரி ஒரு கூட்டமே இருக்கு. அறிக்கையை வாங்கறவங்க யாரும் அதைப் பார்க்கறதில்ல. இனிமே எறும்பும் அங்க போக வேண்டாம். போன கணக்கையே வச்சுக் குத்துமதிப்பா போட்டுக்கலாம்."

"குத்துமதிப்பா போடறதுக்கு எண்ணுற கம்பெனி எதுக்கு சார்? பேசாம சோழி உருட்டிப் பார்க்கலாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் கெட்டவர் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"அதுல இருக்கற கடையெல்லாம் உயிரோட இருக்கு சார். வாரா வாரம் புதுசா சாமான் போடறாங்க. நானே பார்த்திருக்கேன்."

"இருக்கட்டும்மா. அது இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? வட்டத்துல ஒண்ணும் மாறப் போறதில்லையே" என்றார் சாந்தமாக. "எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு இருக்க முடியாது."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே, அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. என் அக்கா பிழைத்துக் கிடப்பது உங்கள் எறும்பால்தான் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அப்புறம் தனியாக அவர் அறைக்குப் போனேன். ஒரே ஒரு கடைக்கு மட்டும் எறும்பை அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஏன் என்றார். சும்மா என்றேன். சும்மா எல்லாம் இயந்திரத்தை ஓட்ட முடியாது என்றார்.

அடுத்த செவ்வாய் அக்காவின் போன் வரவில்லை. மதியம் நானே செய்தேன்.

"அவங்க வரலடி" என்றாள்.

"ஏதாவது வேலை இருந்திருக்கும்கா."

"இத்தனை நாள்ல ஒரு வாரம்கூடத் தவறினதில்லையே."

"ஊருக்குக் கீருக்குப் போயிருப்பாங்க. மனுஷங்கன்னா போகமாட்டாங்களா?" மனுஷங்க என்று சொல்லும்போது எனக்கே வாய் கூசியது.

அதற்கடுத்த செவ்வாய், இயந்திரம் போகாவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று ஆபீஸிலிருந்தே கைபேசியில் வாலுவின் கடையைத் திறந்தேன். முதல் பக்கத்தில், 'உள்ளே வாங்க. வாங்காட்டியும் பரவாயில்லை, சும்மா பார்த்துட்டுப் போங்க' என்று அவள் எழுதி வைத்திருந்தது வந்தது. அவள் பேசுகிற மாதிரியே இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. சட்டென்று மூடிவிட்டேன்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன், "இன்னிக்கு யாராவது வந்தாங்களா?"

"வந்தது ஒண்ணு. நம்ம ஊர்தான். கதவைத் திறந்து தலையை நீட்டிட்டு ஒரே ஓட்டமா ஓடிடுச்சு. பொறுமை இல்லாத ஜென்மம். அவங்களா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?"

திட்டு வாங்கியது நான்தான் என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது வாரம் அத்தான் பேசினார். தூரிகையைத் தொடுவதில்லையாம். கதவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருக்கிறாளாம். தட்டில் வைத்தது வைத்தபடி கிடக்கிறதாம். "திரும்பவும் பழையபடி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கும்மா. நீ ஒரு நடை வந்துட்டுப் போ" என்றார். லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பினேன்.

வாலுவின் அறையில்தான் அக்கா இருந்தாள். ஜன்னலோரக் கட்டில் அப்படியே இருந்தது. மேஜை நிறைய பொத்தான்கள். வாலு வரைந்தது ஒரு தட்டிலும் அக்கா வரைந்தது ஒரு தட்டிலுமாக இருந்தன. லேப்டாப்பில் கதவு சாத்தியிருந்தது. அக்கா இளைத்துப்போய், கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அவங்க செத்துப் போயிட்டாங்கடி" என்றாள்.

"ஐயோ அக்கா..."

"எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லாதவங்களாத்தான் இருக்கணும். இல்லாட்டா ஒரு பொத்தான் கடையை வாரா வாரம் யாரு பார்ப்பாங்க? நம்ம வாலு மாதிரி கட்டில்ல படுத்துக்கிட்டே பார்த்திருப்பாங்க. அவங்க வீட்டுலயும் அம்மா இருப்பாங்கல்ல?" கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. "நீ எல்லாக் கடையையும் எண்ணுறவதானே. உனக்குத்தான் வழி தெரியும். அவங்க யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுடி. நான் ஒரு வார்த்தை அவங்க அம்மாகிட்ட பேசணும்."

இல்லாத ஒரு பிள்ளைக்காக என் அக்கா இரண்டாவது தடவை அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு இனிமேலும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, செவ்வாய்க்கிழமை, அந்தக் குளிர் ஊர், சதவீதம், சாம்பல் துண்டு எல்லாம். வாசலில் நின்றிருந்த அத்தானும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா மேஜையிலிருந்த பொத்தான் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு, "அது பொத்தானைப் பார்க்குமா?" என்று கேட்டாள்.

"பார்க்காதுக்கா. படத்தையெல்லாம் எடுக்காது. கடை எதுல கட்டினது, ஏதாவது மாறியிருக்கான்னு மட்டும்தான்."

"பூனைகிட்ட நின்னுதே?"

"லைன் மெதுவா இருந்திருக்கும்."

"வாலு இருந்தப்ப வந்தது?"

அதுவும் எறும்புதான் என்று தலையை ஆட்டினேன்.

கையை உருவிக்கொண்டாள். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"எடுத்துட்டுப் போ."

"என்னக்கா இது?"

"வாலு பண்ணி வச்சது. அவங்க என்னிக்காவது ஒண்ணு வாங்கினா, கூட இதையும் சும்மா வச்சு அனுப்பணும்னு சொல்லிட்டுப் போனா. கை நடுங்க நடுங்க வரைஞ்சா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன், அவ வரைஞ்சா. உன் எறும்புக்குத்தான் அது. கொண்டுபோய்க் குடு."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பொத்தான். அதில் பாதி திறந்த ஒரு மரக்கதவு. வருகிறவரின் முகம் அவளுக்குத் தெரியாதே, அதனால் கதவுக்குள் எடுத்து வைத்த ஒரு காலை மட்டும் வரைந்திருந்தாள். செருப்பு சிவப்பு நிறத்தில் இருந்தது.

நான் வாய்விட்டு அழுதேன். அக்கா அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தான் என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். சொன்னது சரியா தப்பா என்று அவரிடம் கேட்டேன். "தெரியலம்மா" என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் போன் செய்யவில்லை. பயம்தான். புது அறிக்கை வெளியாகி, எல்லாரும் கேக் வெட்டினார்கள். என் மேஜையிலும் ஒரு பிரதி வைத்தார்கள். நான் அந்தச் சாம்பல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கையில் பேர் இல்லாமல் போனதால் பொடிசிலிருந்து கடைகள் கிளம்பிக்கொண்டிருப்பதாகவும், சீக்கிரம் இழுத்து மூடிவிடுவார்கள் என்றும் சதவீதம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்கு லீவு போட்டேன். வெள்ளைப் பொத்தானை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, வாலுவின் கடைக்குள் போனேன். இந்தத் தடவை ஓடவில்லை. முதல் பொத்தானைத் திறந்து, பெரிதாக்கி, பூனையின் மீசை வரைக்கும் பார்த்தேன். மடங்கிய குடையைப் பார்த்தேன். பல் விழுந்த குழந்தை யாரென்று அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயசில் நான்தான். அக்காவின் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பொத்தானுக்குக் கீழே, 'எங்க சித்தி. அப்பவே வாய் ஜாஸ்தி' என்று எழுதியிருந்தாள். எத்தனை செவ்வாய் எங்கள் எறும்பு இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கும்! ஒரு வார்த்தை அதற்குப் புரிந்திருக்காது.

கடைசியில் அக்காவின் பூனைக்கு வந்தபோது போன் அடித்தது.

"நீதானே?" என்றாள் அக்கா.

"நான்தான்கா."

"கதவு ரொம்ப நேரமா திறந்தே இருக்கு."

"இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். பொய் சொல்லாமல் இருந்ததே எனக்குப் போதும். இனி அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று, "அக்கா, இந்தத் தளத்தையே மூடிடுவாங்க போல இருக்கு. வேணும்னா பெரிய தளத்துக்குக் கடையை மாத்திக்கலாம். ஆனா அங்க கதவு இருக்காது" என்றேன்.

"மூடறப்போ மூடட்டும்" என்றாள். "அதுவரைக்கும் நீ வா."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நான் திரும்பவும் முதல் பொத்தானுக்குப் போனேன்.